கடித எண் 451

என் பிழைப்பில் ஒரே ஒரு முறை ஓர் இயந்திரத்துக்காக நான் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன். வட்ட முத்திரை குத்தி, இந்தியிலும் ஆங்கிலத்திலும், மூன்று நகல்களுடன். கையெழுத்துக்குக் கீழே ‘போஸ்ட் மாஸ்டர்’ என்று பதவியும் போட்டேன். தபால்தலையை எச்சில் தொட்டு ஒட்டியதைத் தவிர அந்தத் துறைக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் தில்லியில், லோதி ரோடு பக்கம் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் ஒப்பந்த ஊழியராக இருந்தேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். சொன்னால் இன்றைக்கும் யாராவது விளக்கம் கேட்டு மெமோ அனுப்புவார்கள். முனிர்காவில் இன்னொருத்தியோடு ஓர் அறை, காலையில் பேருந்தில் தொங்கல், பகலெல்லாம் மெயில் சர்வருக்குக் காவல். அந்த நான்கு மாடிக் கட்டிடத்துக்குள் வருகிற மின்னஞ்சல், போகிற மின்னஞ்சல் எல்லாம் என் அறையிலிருந்த ஒரு பழைய பெட்டி வழியாகத்தான். அந்த அறையில் மட்டும் ஏசி உண்டு. அது எனக்காக இல்லை, பெட்டிக்காக.

எங்கள் இயக்குநர் கணினியைத் தொடமாட்டார். அவருக்கு வரும் மின்னஞ்சலையெல்லாம் அவருடைய பி.ஏ. தினமும் காலையில் அச்செடுப்பார். ஓட்டை போட்டு, நாடா கட்டி, ஒவ்வொன்றுக்கும் டைரி எண் கொடுத்து, கோப்பாக மேசையில் வைப்பார். இது வேண்டும், இது வேண்டாம் என்று பிரிக்கிற பாவத்தை மட்டும் அந்த மனிதர் செய்யமாட்டார். வந்தது வந்ததுதான். அப்படி ஒருநாள் ஆண்மை மாத்திரை விளம்பரம் ஒன்று டைரி எண்ணுடன் கோப்பில் ஏறியது. ‘ஆணைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது’ என்று பி.ஏ. குறிப்பும் எழுதியிருந்தார். இயக்குநர் அதை முழுக்கப் படித்துவிட்டு, பச்சை மையில் ‘பரிசீலித்துப் பேசவும்’ என்று எழுதி எனக்கு அனுப்பிவிட்டார்.

ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிற ஒரு மனிதரிடம் நான் எதைப் பேசுவது? கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அறை வாசலில் பத்து நிமிடம் நின்றேன். அன்றைக்கு வந்த ஆத்திரத்தில்தான் குப்பை மெயிலை ஒழித்துக்கட்டுவது என்று கங்கணம் கட்டினேன்.

முதலில் செய்தது மடத்தனம். ஒரு சொற்பட்டியல் போட்டேன். ‘அவசரம்’, ‘கடைசி வாய்ப்பு’, ‘அன்புள்ள ஐயா’, ‘உடனடி கவனத்திற்கு’ என்றெல்லாம் எழுதி வருகிற மெயிலைத் திருப்பியடி என்று பெட்டிக்குக் கட்டளை. குப்பை நின்றது. அலுவலகமே நிம்மதியாக இருந்தது. நாலு நாள் கழித்து அமைச்சகத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, ஐந்து நினைவூட்டல் அனுப்பியும் ஏன் பதில் இல்லை என்று காய்ச்சி எடுத்தார்கள். ஐந்துக்குமே தலைப்பு ‘மிக அவசரம்’. மாத்திரை விற்கிறவனும் இந்திய அரசாங்கமும் ஒரே பாஷையில்தான் கடிதம் எழுதுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. இயக்குநர் என்னை நிற்க வைத்து இந்தியில் திட்டினார். பாதிதான் புரிந்தது, அது போதுமானதாக இருந்தது.

அப்புறம்தான் இன்னொரு முறை கண்ணில் பட்டது. வெளிநாட்டில் யாரோ புத்திசாலிகள் கண்டுபிடித்தது, கிரேலிஸ்ட் என்று பெயர். முன்பின் தெரியாத ஒரு சர்வர் மெயிலோடு வந்து கதவைத் தட்டினால், நம் சர்வர் ‘இப்போது முடியாது, பிறகு வா’ என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான். உண்மையான சர்வர் என்றால் கால் மணி நேரம் கழித்துத் திரும்ப வரும், உள்ளே விட்டுவிடலாம். குப்பை அனுப்புகிறவனுக்கு லட்சம் வீடு இருக்கிறது, ஒரு வீட்டுக்கு இரண்டாம் தடவை வரமாட்டான்.

இயக்குநரிடம் போய் இதை விளக்கினேன். முதல் தடவை வருகிறவரை அப்புறம் வரச்சொல்லி அனுப்பிவிடுவோம் சார், நிஜமாகத் தேவைப்பட்டால் மறுபடி வருவார்கள் என்றேன். அவர் முகம் மலர்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். நம் அலுவலகத்தில் இத்தனை வருடமாக இதைத்தானே செய்கிறோம் என்றார். அங்கேயே கையெழுத்துப் போட்டார். காலையில் வைத்த கோப்பு மதியத்துக்குள் இறங்கியது அந்தக் கட்டிடத்தின் சரித்திரத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

திருப்பி அனுப்பும்போது பெட்டி சொல்ல வேண்டிய வாசகத்தை நானே எழுதினேன். வாய்க்கொழுப்புத்தான், வேறென்ன. ‘இப்போது முடியாது. பிறகு வரவும்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. இதை எப்படியோ மோப்பம் பிடித்து எங்கள் இந்தி அதிகாரி வந்துவிட்டார். அலுவலகத்தின் எந்த அறிவிப்பும் இருமொழியில் இருக்க வேண்டும், இந்தி மேலே, ஆங்கிலம் கீழே என்றார். இதை மனுஷன் படிக்கமாட்டான் சார், இன்னொரு மெஷின்தான் படிக்கும் என்று கரடியாய்க் கத்திப் பார்த்தேன். மெஷினுக்கும் விதி பொருந்தும் என்றுவிட்டார். ‘அபி நஹீன், பாத் மே ஆயியே’ என்று ஆங்கில எழுத்தில் ஒரு வரி மேலே ஏறியது. இந்தியும் ஆங்கிலமுமாக, பார்க்கிறதுக்கு அச்சு அசல் அரசாங்க உத்தரவு மாதிரியே ஆகிவிட்டது. குப்பை மெயில் ஒரே நாளில் பத்தில் ஒன்றாகக் குறைந்தது. நான் பெரிய இவளாகிவிட்டேன்.

இப்போது ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் மாடியில் நிர்வாகப் பிரிவில் ஓர் அசிஸ்டென்ட். நாற்பத்தெட்டு வயது. செங்கல்பட்டுக்காரர். பதினோரு வருடமாகக் கிட்வாய் நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மனைவி ஊரில் அரசுப் பள்ளி ஆசிரியை. அது மாநில அரசு வேலை, தில்லிக்கு மாற்றிக்கொண்டு வர வழியே கிடையாது. வேலையை விடவும் மனசில்லை, விடச் சொல்ல இவருக்கும் வாயில்லை. ஒரே மகள், அம்மாவோடு இருந்தாள். எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். இவர் வருடத்துக்கு இரண்டு தடவை ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

மதியம் என் அறைக்கு வந்துதான் சாப்பிடுவார். ஏசிக்காக என்று சொல்லிக்கொள்வார். எலுமிச்சை சாதம் கொண்டுவந்தால் பாதி எனக்கு. அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒருநாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்:

“எம் பொண்ணு அவங்கம்மாவ வா போன்னுதான் பேசுவா. என்னைய மட்டும் ‘வாங்கப்பா, எப்ப வந்தீங்க, எப்பப் போறீங்க’ன்னு கேக்குறா. விருந்தாளிக்கு மரியாதை குடுக்கணும்ல.”

நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் ஊருக்குப் போக ஒரே வழி பரஸ்பர மாற்றல். சென்னை அலுவலகத்தில் இதே பதவியில், இதே சம்பளத்தில் இருக்கிற ஓர் ஆள் தில்லிக்கு வர ஆசைப்பட வேண்டும். அவன் இங்கே, இவர் அங்கே. வரன் பார்ப்பதைவிடக் கஷ்டம். ஏற்கெனவே இரண்டு பேர் அகப்பட்டு நழுவிப்போயிருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார், இன்னொருவன் சென்னையிலேயே கல்யாணம் பண்ணிக்கொண்டுவிட்டான். மூன்றாவதாக ஒரு பஞ்சாபிக்காரர் கிடைத்தார். தில்லியில் அவருடைய அம்மா தனியாக இருந்தார். நாலு வருடச் சென்னைப் புழுக்கம் அவருக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது. இருவரும் தினமும் தொலைபேசியில் புதுமாப்பிள்ளை மாதிரி பேசிக்கொண்டார்கள். சென்னை அலுவலகத் தலைவரின் சம்மதக் கடிதம் ஒன்றுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மாற்றல் கமிட்டி கூடுகிறது. அதற்குமுன் கடிதம் கோப்பில் இருக்க வேண்டும். ஃபேக்ஸில் வந்த சம்மதத்தைக் கமிட்டி ஏற்காது என்று விதி, மெயிலைப் பற்றி விதி எதுவும் இல்லை. கமிட்டி வருடத்துக்கு ஒரு தடவைதான் கூடும். இந்த வருடம் விட்டுப்போனால் அடுத்த வருடம் வரைக்கும் பஞ்சாபிக்காரர் காத்திருக்கமாட்டார், பம்பாயில் ஒருவர் அவருக்காகத் தயாராக நின்றார்.

செங்கல்பட்டுக்காரர் கடிதத்தைத் தபாலில்தான் அனுப்பச் சொல்வதாக இருந்தார். நான்தான் நடுவில் புகுந்தேன். இந்தக் காலத்தில் தபாலா சார், மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள், இரண்டு நிமிடத்தில் வந்துவிடும் என்று பெருமையடித்தேன். அவரும் நம்பினார்.

கமிட்டிக்கு முந்தின வாரம் வியாழக்கிழமை சென்னையில் அனுப்பிவிட்டார்கள் என்று தகவல். மதியம் வந்து கேட்டார். வரவில்லை என்றேன். வெள்ளிக்கிழமை காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கேட்டார். மூன்றாம் தடவை கேட்டபோது எனக்கு எரிச்சல். அமைச்சகத்துக்காரன் வேறு எதற்கோ உயிரை எடுத்துக்கொண்டிருந்தான்.

“அனுப்பியிருந்தா வந்திருக்கும் சார். வரலன்னா அவங்க அனுப்பலன்னு அர்த்தம்,” என்றேன். திரையிலிருந்து முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து சாப்பிடவும் வரவில்லை. ஏதோ வேலை என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், நினைக்கக்கூட இல்லை.

வியாழக்கிழமை காலை, கமிட்டிக்கு முதல் நாள், என் மேசைக்கு ஒரு ஃபேக்ஸ் வந்தது. சென்னை அலுவலகத்திலிருந்து முந்தின நாளே வந்திருந்தது. பெறுநர்: போஸ்ட் மாஸ்டர். அப்படி ஒரு பதவியே எங்கள் அலுவலகத்தில் இல்லாததால் காகிதம் நாலு மாடியும் சுற்றியிருந்தது. தபால் பிரிவு தனக்கில்லை என்று எழுதி, கட்டிடப் பராமரிப்புப் பிரிவு தனக்கும் இல்லை என்று எழுதி, மெயில் சம்பந்தப்பட்டது போலிருக்கிறதே என்று யாரோ என்னிடம் தள்ளியிருந்தார்கள்.

படித்தேன். ‘தங்கள் கடித எண் 451-ஐப் பார்க்கவும். அதில் தாங்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் தெரிவித்துள்ளபடி, மேற்படி பரஸ்பர மாற்றல் தற்போது இயலாது என்பதும் பிற்காலத்தில் அணுக வேண்டும் என்பதும் குறித்துக்கொள்ளப்பட்டது. கோப்பு முடித்து வைக்கப்படுகிறது.’

முதலில் எனக்குச் சிரிப்புப் பீறிட்டுக்கொண்டு வந்தது. 451 என்பது கடித எண் இல்லை. மெயிலைத் திருப்பும்போது பெட்டி சொல்கிற குறி. நாலில் தொடங்கினால் ‘அப்புறம் வா’, ஐந்தில் தொடங்கினால் ‘வரவே வராதே’. திரும்பிப்போன மெயிலில் அனுப்புநர் என்ற இடத்தில் ‘போஸ்ட்மாஸ்டர்’ என்று இருக்கும். உலகத்தில் எல்லா மெயில் சர்வரும் அந்தப் பெயரில்தான் பேசும். சென்னையில் அதை அச்செடுத்திருக்கிறார்கள். தலைமையகத்தின் போஸ்ட் மாஸ்டர் பதில் போட்டிருக்கிறார் என்று டைரியில் ஏற்றியிருக்கிறார்கள். இந்தி மேலே, ஆங்கிலம் கீழே. சந்தேகப்பட என்ன இருக்கிறது?

பொருள் என்ற வரியில் அவருடைய பெயர் இருந்தது. அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

பெட்டியின் குறிப்பேட்டைத் திறந்து முந்தின வாரத்துக்குப் போனேன். வியாழக்கிழமை பதினொன்று ஐம்பதுக்குச் சென்னை சர்வர் வந்திருக்கிறது. புது முகம், பிறகு வா என்று என் பெட்டி சொல்லியிருக்கிறது. அது போய்விட்டது. பன்னிரண்டுக்கு வரவில்லை, ஒரு மணிக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. அது ஓர் அரதப் பழசு. நாலுக்கும் ஐந்துக்கும் வித்தியாசம் தெரியாது. இல்லை என்றால் இல்லை என்று எடுத்துக்கொண்டு, அனுப்பியவரிடமே கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டது.

இரண்டாம் மாடிக்கு ஓடினேன். அவர் மேசையில் உட்கார்ந்து, யாருடைய விடுப்புக் கணக்கையோ சரிபார்த்துக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து பஞ்சாபிக்காரர் திங்கட்கிழமையே கூப்பிட்டு, தலைமையகம் மறுத்துவிட்டது என்று சொல்லிவிட்டாராம். இயக்குநர்தான் மறுத்திருக்க வேண்டும் என்று இவரே முடிவுகட்டிக்கொண்டார். ஏன் என்று போய்க் கேட்கிற வழக்கம் அங்கே அசிஸ்டென்டுகளுக்குக் கிடையாது.

“டைரக்டர் இல்ல சார். நான்தான்,” என்று ஃபேக்ஸை நீட்டினேன்.

இரண்டு தடவை படித்தார். நான் கிரேலிஸ்டும் குறியும் என்று என்னவோ உளறிக்கொட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“ஏன் சார் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?” என்று அவர் மேலேயே பாய்ந்தேன். குற்றம் செய்தவளுக்குத்தானே குரல் உசரும்.

“எத்தினி தடவைம்மா கேக்குறது?” என்றார். விடுப்புக் கணக்கை மூடிவைத்துவிட்டு, “நானும் இந்த சீட்ல உக்காந்து எத்தினியோ பேர ‘கல் ஆவோ’, நாளைக்கு வான்னு அனுப்பியிருக்கேன். வேணும்னா வருவான்னு. வராமப் போனவன ஒரு நாள்கூட நெனச்சுப் பாத்ததில்ல,” என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது, என் மேல்தான். அழுதுகொண்டு நிற்க நேரமில்லை என்பதால் ஆத்திரத்தை வைத்துக்கொண்டு சென்னைக்குத் தொலைபேசினேன்.

அந்தக் கோப்பைக் கையாளும் எழுத்தர் எடுத்தார். சாதுவான தமிழ்க் குரல். நடந்ததைச் சொன்னேன். அது கடிதமே இல்லை, யாரும் எழுதவில்லை, இயந்திரம் தானாக அனுப்பியது, மறுபடி ஒரு மெயில் தட்டிவிடுங்கள் என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

“மெஷின் அனுப்பிச்சதுன்னு சொல்றீங்க, புரியுது மேடம். ஆனா டைரி நம்பர் விழுந்துடுச்சே.”

விழுந்தால் என்ன என்றேன். எண் விழுந்த கடிதம் கடிதம்தான், அதை நாங்கள் கிழித்துப்போட முடியாது என்றார். கோப்பைத் திறக்க வேண்டுமானால் கடித எண் 451-ஐ ரத்து செய்து இன்னொரு கடிதம் வர வேண்டும். யார் 451-ஐ அனுப்பினாரோ அவரேதான் ரத்து செய்ய வேண்டும். இயக்குநர் கையெழுத்துப் போட்டால் போதாதா என்று கேட்டேன். இயக்குநர் வேறு, போஸ்ட் மாஸ்டர் வேறு இல்லையா மேடம் என்றார். அடப்பாவி மனுஷா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த ஆள் கெட்டவர் இல்லை. கடிதம் வந்தால் நாளைக் காலையில் முதல் வேலையாகத் தலைவரிடம் வைத்துவிடுகிறேன் என்று அவராகவே சொன்னார்.

இயக்குநரிடம் போனேன். ஃபேக்ஸைப் படித்துவிட்டு, “யே போஸ்ட் மாஸ்டர் கௌன் ஹை?” என்று கேட்டார், யார் இந்தப் போஸ்ட் மாஸ்டர் என்று.

“மை ஹூ(ம்) சார்,” நான்தான் என்றேன். வேறு யார் இருக்கிறார்கள்?

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. ஒப்பந்த ஊழியர் போஸ்ட் மாஸ்டர் பதவி வகிக்க விதி இடம் கொடுக்குமா என்று யோசித்தார். கடைசியில், ஒரு நாளைக்கு மட்டும் கூடுதல் பொறுப்பு என்று பச்சை மையில் எழுதிக் கொடுத்தார். அப்படித்தான் நான் போஸ்ட் மாஸ்டர் ஆனேன். இந்தி அதிகாரி மொழிபெயர்ப்புக்கு மூன்று நாள் கேட்டார். அவர் மேசை முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஜல்தி ஜல்தி என்று நச்சரித்து ஒரு மணி நேரத்தில் வாங்கினேன். ‘கடித எண் 451 ரத்து செய்யப்படுகிறது. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன்.’ இந்த இரண்டாவது வரியை எந்த மாதிரிப் படிவத்திலிருந்தும் நான் எடுக்கவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு ஃபேக்ஸ் போனது.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கே பெட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். சென்னை சர்வரைத் ‘தெரிந்தவர்’ பட்டியலில் சேர்த்திருந்தேன், வந்தால் நேரே உள்ளே விட்டுவிடும். அவரும் வந்து பக்கத்தில் நின்றார், உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. பத்தரைக்குக் கோப்பு திறந்தாயிற்று என்று தகவல். பதினொன்றுக்குத் தலைவர் கையெழுத்து. பதினொன்றேகாலுக்குப் பஞ்சாபிக்காரரே கூப்பிட்டு, “பேஜ் தியா, மேடம்,” அனுப்பியாயிற்று என்றார்.

குறிப்பேட்டில் சென்னை சர்வர் வரவில்லை. ஐந்து நிமிடம் போயிற்று. அப்போதுதான் ஏதோ ஒரு புது சர்வர், எங்கள் நிர்வாகப் பிரிவு முகவரிக்கு ஒரு மெயிலோடு வந்து நின்றதைப் பார்த்தேன். என் பெட்டி அதனிடம், இந்தியிலும் ஆங்கிலத்திலும், பிறகு வரச்சொல்லிவிட்டது.

தொலைபேசியில் கேட்டால், அந்தச் சாதுவான எழுத்தர் யோசனையாக ஒரு காரியம் செய்திருந்தார். தங்கள் சர்வரைத் தில்லியில் ஒரு தடவை திருப்பிவிட்டார்கள், மறுபடி திருப்பினால் இன்னொரு டைரி எண் விழுந்துவிடும் என்று பயந்து, கடிதத்தை ஃபிளாப்பியில் ஏற்றி, மேல் மாடியில் இருக்கும் வேறோர் அலுவலகத்துக்கு நடந்துபோய் அவர்கள் சர்வரிலிருந்து அனுப்பியிருக்கிறார். நல்லெண்ணத்தால் நாசமாய்ப் போவது என்றால் என்ன என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அந்தச் சர்வர் கால் மணியில் திரும்ப வருமா, நாலு மணி நேரம் கழித்து வருமா, வரவே வராதா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். மணி பதினொன்று இருபத்தைந்து. பக்கத்தில் நின்றவர் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கங்கணம் கட்டி வைத்த தடுப்பு அத்தனையையும் ஒரேயடியாக அணைத்தேன். எல்லாக் கதவையும் திறந்துவிட்டேன். மறுபடி அனுப்புங்கள், எந்த மாடியிலிருந்து வேண்டுமானாலும் அனுப்புங்கள் என்று தொலைபேசியில் கத்தினேன்.

வெள்ளம் போல உள்ளே வந்தார்கள். மாத்திரைக்காரர்கள், கல்லூரிப் பட்டம் விற்பவர்கள், செத்துப்போன ஜெனரலின் பணப்பெட்டியைப் பங்குபோட அழைப்பவர்கள், தலைமுடி வளர்ப்பவர்கள். இரண்டு வாரமாக வாசலில் நின்றவர்கள் போல முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். முப்பத்தெட்டாவதோ முப்பத்தொன்பதாவதோ, வழுக்கைத் தைலத்துக்கும் போலிக் கடிகாரத்துக்கும் நடுவில், சென்னை அலுவலகத் தலைவரின் சம்மதக் கடிதம் இருந்தது.

அச்செடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் மாடிப்படியில் ஓடியதைப் பார்த்தவர்கள் அந்த மனிதருக்கு ஓடத் தெரியுமா என்று பிறகு கேட்டார்கள். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கடிதம் கோப்பில் ஏறியது. கமிட்டி ஒப்புக்கொண்டது. அன்று மாலை இயக்குநர் மேசைக்கு, நாடா கட்டி, டைரி எண் போட்டு, மீதி வெள்ளமும் போய்ச் சேர்ந்தது. அதற்கு வாங்கிக்கட்டிக்கொண்டதைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த மாதம் அவர் கிளம்பினார். அவருடைய அறைக்கூலரை ஆட்டோவில் ஏற்றி முனிர்காவுக்குக் கொண்டுவந்து எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். பம்பு நின்றுபோனால் இடது பக்கம் ஒரு தட்டு தட்டணும் என்று இரண்டு தடவை சொன்னார். என் மேல் கோபமில்லையா சார் என்று கேட்டேன். அந்த வாரம் இருந்துச்சும்மா, நல்லாவே இருந்துச்சு என்றார். அந்தப் பதில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

தடுப்பைத் திரும்பப் போட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது, இயக்குநர் விடவில்லை. ஆனால் வாசகத்தை மாற்றினேன். ‘உங்களை எங்களுக்கு இன்னும் தெரியாது. தவறு எங்களுடையது. கால் மணி கழித்துத் தயவுசெய்து மறுபடி முயலவும். முடியாவிட்டால் தொலைபேசியில் கூப்பிடவும்.’ இந்தி அதிகாரி இதை மொழிபெயர்க்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். அரசாங்கம் தன் தவறு என்று சொல்வதற்கு முன்மாதிரி இல்லை என்பது அவர் கட்சி. தினமும் காலையில் வந்ததும் நான் பார்க்கிற முதல் விஷயம், முந்தின நாள் யார் யார் திரும்பிப்போனார்கள், அதில் யார் மறுபடி வரவில்லை என்பதுதான். வராதவர்களில் மனிதர் மாதிரித் தெரிகிறவர்களுக்கு நானே கூப்பிட்டுப் பேசுவேன். பாதிப் பேர் என்னைப் போஸ்ட் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள்.

ஐந்தாறு மாதம் கழித்து, அந்த ‘வராதவர்கள்’ வரிசையில் செங்கல்பட்டிலிருந்து ஒரு பிரௌசிங் சென்டர் முகவரி இருந்தது. முந்தின நாள் ஒரு தடவை வந்து, திரும்பிப்போயிருந்தது. கூப்பிடுவதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அது மறுபடி வந்து, உள்ளே நுழைந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ், அவர்தான். உங்க போஸ்ட் மாஸ்டர் நேற்று என்னைத் திருப்பிவிட்டார், இன்றைக்கு மறுபடி வந்திருக்கிறேன் என்று தொடங்கியிருந்தார். ரயில் கூட்டம், வெயில், பஞ்சாபிக்காரரின் அம்மா நலமா என்ற விசாரிப்பு. கடைசியில் ஒரு வரி:

“நேத்து கணக்கு நோட்டுக்கு அட்டை போட மறந்துட்டேன்மா. எம் பொண்ணு ‘போ, நீ சுத்த மோசம்’னு சொல்லிட்டா.”

அதை அச்செடுத்தேன். ஓட்டை போட்டு, நாடா கட்டி, என் மேசை இழுப்பறையில் இருந்த ஒரே கோப்பில், அந்த ஃபேக்ஸுக்கு மேலே வைத்தேன். எண் 452 என்று என் கையாலேயே டைரி எண் போட்டேன். எண் விழுந்துவிட்டால் பிறகு அதை யாராலும் திருப்பி அனுப்ப முடியாது.